மகான்கள் யாரோடு சண்டை போட்டார்கள்?

வணக்கம் ஐயா,

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். நல்லிணக்க விழாவுக்காகப் புத்தர், அசிசி பிரான்சிஸ், குருநானக், சீகன்பால்கு, வள்ளலார் ஐவரைப் பற்றியும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். எல்லா மகான்களும் சொன்னது ஒன்றுதான் என்பது பிள்ளைகள் மனதில் பதியவேண்டும். அவர்களுக்குப் பொதுவான ஐந்து நற்குணங்களைச் சொன்னால் முடிவுரையில் சேர்த்துக்கொள்வேன். அற்புதங்களைச் சொல்லலாமா? புத்தகப் பட்டியலும் தந்தால் உதவியாக இருக்கும்.

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

ஐந்து பக்கங்களையும் படித்தேன். முத்து முத்தான கையெழுத்து. விழா என்றால் மாலையும் மைக்கும் போதும் என்று இருப்பவர்கள் நடுவில் நீங்கள் இவ்வளவு மெனக்கெடுவது சந்தோஷமாக இருக்கிறது. இனி திட்டு. ஐந்து பக்கத்திலும் ‘சாந்தமே உருவானவர்’ என்று வருகிறது. பெயரை மாற்றி ஒட்டினால் ஒரு பிள்ளையும் கண்டுபிடிக்காது. மகான்கள் என்ன, ஒரே அச்சில் வார்த்த கொழுக்கட்டையா?

கொஞ்ச நாளாகவே எனக்கு இதே யோசனைதான். ஒரு சமயப் பெரியவரின் வாழ்க்கையைப் படித்தால், அவர் யாரைக் கும்பிட்டார் என்பதைவிட யாரோடு மல்லுக்கு நின்றார் என்றுதான் பார்க்கிறேன். பல நேரம் எதிரே நிற்பவர் வேற்று மதத்துக்காரர் இல்லை. சொந்த ஆள்தான்.

புத்தரை எடுங்கள். யமுனைக் கரையில் கோசாம்பி. விநயம் எனப்படும் துறவியர் ஒழுக்க விதிகளைக் கரைத்துக் குடித்த பிக்கு ஒருவர், தம்மம் என்கிற புத்தரின் போதனையைச் சொல்லித்தரும் பிக்கு ஒருவர். போதகர் கழிப்பறைக்குப் போனவர், மிச்சத் தண்ணீரைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அது குற்றமா இல்லையா? இவ்வளவுதான் விஷயம். இருவரின் சீடர்களும் கட்சி கட்டினார்கள், சங்கம் இரண்டாகப் பிளந்தது. சமாதானம் பேச வந்த புத்தரிடமே, ‘நீங்கள் நிம்மதியாக இருங்கள், இந்தச் சண்டையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றார்கள். அவர் திருவோட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் காட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு யானை அவருக்குப் பணிவிடை செய்ததாகப் பௌத்த நூல்கள் சொல்கின்றன. சண்டையை முடித்துவைத்தது யார் தெரியுமா? கோசாம்பியின் குடும்பஸ்தர்கள். பிக்குகளுக்குச் சோறு போடுவதை நிறுத்தினார்கள். வயிறு காய்ந்ததும் புத்தி வந்தது.

உங்கள் பக்கத்தில் போதி மரம் இருக்கிறது, அந்தக் கழிப்பறைப் பாத்திரம் இல்லை.

பிரான்சிஸ் பறவைகளுக்குப் பிரசங்கம் செய்ததை எழுதியிருக்கிறீர்கள், சரி. அசிசி ஊரார் அவருடைய துறவிச் சகோதரர்களுக்காக ஒரு வீடு கட்டியபோது, ஏழ்மை விரதத்துக்கு இது அடுக்குமா என்று அவரே கூரைமேல் ஏறி ஓட்டைப் பிய்த்து வீசினாரே, அது எங்கே? ‘இது ஊர்ச் சொத்து’ என்று அங்கிருந்தவர்கள் சொன்ன பிறகுதான் விட்டார். நானக் பக்கம் பரவாயில்லை, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் லங்கர் சாப்பாடு வந்துவிட்டது.

சீகன்பால்கு பக்கத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. ‘எல்லா மதமும் ஒன்றே என்று கருதிய தமிழ்த்தொண்டர்.’ யார் சொன்னது? அவர் மதம் மாற்றத்தான் வந்தார். அதை ஏன் ஒளிக்கிறீர்கள்? 1706இல் டென்மார்க் அரசர் அனுப்பித் தரங்கம்பாடியில் இறங்கியபோது 24 வயதுகூட நிரம்பவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். இரண்டே வருஷத்தில் சிறை. அடைத்தவர் தஞ்சாவூர் ராஜா இல்லை, கிறிஸ்தவரான டேனிஷ் தளபதி. நாவிதர் ஒருவரின் விதவைக்காக, ஒரு கடன் தகராறில் டேனிஷ் கம்பெனி ஆளை எதிர்த்துப் பேசினார் என்பதுதான் குற்றம். நான்கு மாதம் உள்ளே இருந்தார்.

அதோடு முடிந்ததா? 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். சிவன், விஷ்ணுவில் தொடங்கி ஐயனார், மாரியம்மன், பிடாரி வரை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதியது. ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினால், அங்கே மிஷனை வழிநடத்திய பிராங்கேயிடமிருந்து என்ன பதில் வந்தது? உங்களை அனுப்பியது அந்த மூடத்தனத்தை வேரறுக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற பொருளில் ஒரு வசவு. பிரதி அப்படியே கிடந்தது. 1867இல் சென்னையில் அச்சேறியபோது அவர் இறந்து 148 ஆண்டுகள் ஆகியிருந்தன. மாரியம்மனை ஒழிக்க வந்தவர், மாரியம்மன் கதையைக் காது கொடுத்துக் கேட்டு எழுதியதற்காகத் தன் ஆட்களிடமே திட்டு வாங்கினார். இரண்டும் ஒரே மனிதர்தான் டீச்சர். ஒன்றை வெட்டினால் மற்றதும் போய்விடும்.

அதே 1867இல்தான் வடலூரில் தர்மசாலை அடுப்பு மூட்டப்பட்டது. வள்ளலாரின் பாடல்களை அருட்பா இல்லை, மருட்பா, அதாவது மயக்கப் பாட்டு என்று எதிர்த்த ஆறுமுக நாவலரும் சைவர்தான் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். என் அத்தை வள்ளலார் பக்தை. சின்ன வயதில் ஒரு தைப்பூசத்துக்கு என்னைக் கூட்டிப்போயிருந்தார். ஏழு திரை விலகுவதற்காகக் கூட்டத்தில் நசுங்கி நிற்கிறோம். நான் பசியில் சிணுங்க, ‘கொஞ்சம் பொறு, ஜோதி பாத்துட்டுப் போயிடலாம்’ என்றார் அத்தை. பக்கத்தில் நின்ற வெள்ளை வேட்டிப் பெரியவர் சட்டென்று திரும்பி, ‘பிள்ளைய பட்டினி போட்டுட்டு என்னம்மா ஜோதி? மொதல்ல போய் சோறு போடு’ என்று அதட்டினார். அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. தர்மசாலைப் பந்தியில் எனக்குப் பிசைந்து ஊட்டும்போதும், ‘இவரு யாரு எனக்குச் சொல்ல’ என்று முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தார். அந்த அதட்டல் உங்கள் வள்ளலாரிடம் இல்லை.

பொதுவான ஐந்து நற்குணமெல்லாம் என்னிடம் கிடையாது. அற்புதங்களைத் தாராளமாகச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு யானை பிடிக்கும். புத்தகப் பட்டியல் இப்போது வேண்டாம். தரங்கம்பாடி உங்களுக்குப் பக்கம்தானே? சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் அங்கே இருக்கிறது. அடுத்த வருஷமே 36 வயதில் இறந்து, அதற்குள்ளேயே அடக்கமானார். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். வேன் வாடகைக்குத் தலைமையாசிரியரோடு நீங்கள்தான் மல்லுக்கு நிற்கவேண்டும்.