மழையில்லாமல் தகரக் கொட்டகைக்குள் சொட்டும் நீர்

மழையே இல்லாத மார்கழி விடியலில், கொட்டகைக்குள் நிற்கும் பவர் டில்லர் (உழவு இயந்திரம்) மேல் சொட்டுகிறது என்றால், கூரையில் ஓட்டை தேட வேண்டாம். அது தகரத்தின் அடிப்புறத்தில் வேர்க்கும் நீர். நான்கு பக்கமும் அடைத்ததுதான் வினை. முகட்டுக்குக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு விடுங்கள்.

ஈரம் பெரும்பாலும் மண் தரையிலிருந்து வரும். இரவில் தகரம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். உள்ளே தேங்கிய ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது.

இன்று இரவே பார்த்துவிடலாம். மூன்றடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, ஓரங்களில் செங்கல் வையுங்கள். காலையில் தாளின் அடிப்பக்கம் நனைந்திருந்தால் தரைதான் காரணம். அப்படியானால் தரையைச் சுற்றுமண்ணைவிட அரையடி உயர்த்தி, கனமான பாலித்தீன் விரித்து, மேலே கான்கிரீட் போடுங்கள். செலவுக்கு இப்போது வழியில்லையா? திறப்பை மட்டுமாவது முதலில் செய்யுங்கள், அதிலேயே ஓரளவு குறையும். எலிக்கும் குருவிக்கும் கம்பிவலை அடிக்க மறக்க வேண்டாம்.

அப்புறம், யூரியா மூட்டையும் ஈர வைக்கோலும் அங்கே இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். உரம் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். டில்லரைத் தார்ப்பாயால் இறுகச் சுற்றுவதும் தவறு, ஈரம் உள்ளேயே நிற்கும்.

ஒன்று மட்டும்: மழை நாளில் மட்டும், கூரைத் தகரத்தின் போல்ட்டுக்கு நேர்கீழே சொட்டினால் கதை வேறு. வாஷர் போயிருக்கும், மாற்றுங்கள்.