ஃபெஸ்தெஹோ: கேட்டவையும் என் பதில்களும்

ஃபெஸ்தெஹோ என்பது என்ன?
பெருவின் கடற்கரையில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கொண்டாட்ட ஆட்டமும் பாட்டும். லிமாவிலும், அதற்குத் தெற்கே சிஞ்சா பக்கத்து எல் கார்மெனிலும் கேட்க வேண்டும்.

தாளம் பிடிபடவில்லை.
நான்கு தட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று. தகிட தகிட தகிட தகிட என்று சொல்லிக்கொண்டே தொடையில் தட்டுங்கள்.

கழுதைத் தாடையை வாசிப்பார்களாமே?
ஆமாம், அதன் பெயர் கிஹாதா. காய்ந்த தாடையில் பற்கள் குழியிலேயே தளர்ந்து நிற்கும். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் முஷ்டியால் குத்தினால் அத்தனை பற்களும் சேர்ந்து கிர்ர்ரென்று அதிரும். பற்களின் மேல் குச்சியை இழுத்தால் கரகரவென்று வேறு சத்தம். இறுகப் பிடிக்காதீர்கள், ஒலி அமுங்கிவிடும்.

காஹோன் ஸ்பெயின் பெட்டிதானே?
இல்லை, மேலே உட்கார்ந்து கையால் தட்டும் இந்த மரப்பெட்டி பெருவுடையது. 1970களின் கடைசியில் லிமா வந்த ஸ்பெயினின் கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியா, பெருக்காரரான கைத்ரோ சோட்டோ காஹோன் வாசித்ததைக் கேட்டு மயங்கி ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் அது நுழைந்தது அப்படித்தான். வாங்கும்போது கவனம்: உள்ளே கம்பி கட்டிய பெட்டி ஃபிளமெங்கோவுக்கானது. ஃபெஸ்தெஹோவுக்குக் கம்பியில்லாததை வாங்குங்கள்.

ஃபிளமெங்கோ காஹோனிலேயே பழகலாமா?
கம்பியைக் கழற்றிவிட்டுப் பழகுங்கள்.

சல்சாவும் இதுவும் ஒன்றா?
இல்லை. சல்சாவை அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இன்றைய ஆட்டம் அடிமைக் காலத்திலிருந்தே வருகிறதா?
அப்படியே வரவில்லை. பாட்டுத் துண்டுகள் சில குடும்பங்களின் நினைவில் தங்கின, ஆட்டமோ பெரும்பகுதி மறைந்திருந்தது. 1956-ல் அறிஞர் ஹோசே துராந்த் பாஞ்சோ ஃபியெர்ரோ என்ற கலைக்குழுவை மேடையேற்றினார். பிறகு கவிஞர் நிக்கோமெதெஸ் சாந்தா க்ரூஸும் அவர் அக்கா விக்டோரியாவும் வந்தார்கள். 1969-ல் ரொனால்தோ காம்போஸ் பெரு நெக்ரோ என்ற குழுவைத் தொடங்கினார். முதியவர்கள் சொன்னதையும் தங்கள் கற்பனையையும் சேர்த்துத்தான் இவர்கள் அடவு அடவாகக் கட்டினார்கள்.

அப்படியானால் போலிதானே?
இந்தச் சொல்லை ஏற்க மாட்டேன். பெருவில் அடிமை முறை ஒழிந்தது 1854-ல். அதற்குப் பிறகும் நூறு ஆண்டுகள் இந்தக் கலையை யாரும் மதித்து எழுதிவைக்கவில்லை. பறிபோனதை வாரிசுகளே தேடித் திரும்பக் கட்டினால் அது அவர்களுடையதுதான்.

மேடைக்காகச் செய்தது மரபாகுமா?
இன்று எல் கார்மெனில் குழந்தைகள் வீட்டு முற்றத்தில் காஹோன் தட்டிப் பழகுகிறார்கள். அங்கே மேடை இல்லை.

காஹோன் எந்த நாட்டுக் கருவி?
மேலே சொல்லிவிட்டேன். பெரு. 2001-ல் அதைத் தேசத்தின் பண்பாட்டுச் சொத்து என்று அரசே அறிவித்தது.

பள்ளி ஆண்டுவிழாவில் அல்காத்ராஸ் என்ற ஆட்டத்தை ஆடலாமா?
இடுப்புக்குப் பின்னால் காகித வால் தொங்கும். இன்னொருவர் மெழுகுவர்த்தியால் அதைப் பற்றவைக்கப் பார்ப்பார், ஆடுபவர் இடுப்பை ஆட்டி ஆட்டித் தப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நெருப்பு வேண்டாம். பாலியஸ்டர் உடை ஒரு பொறியில் பிடித்துக்கொள்ளும். மெழுகுவர்த்தியை ஏற்றாமலே ஆடட்டும்.