வாசகர் கேள்வி – பதில்: கூட்டாளிகளைத் தடுத்தால் பையன் திரும்புவானா?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 15 வயது, கிரேட் 10 படிக்கிறான். போன வருடம் வரை கிரிக்கெட், வீடு, வெள்ளிக்கிழமை கோயில் என்று இருந்தவன், இப்போது நான்கு பையன்களோடு ரோட்டு முனைக் கடை வாசலிலேயே நிற்கிறான். போன மாதம் ஸ்கூல் பையில் வேப் (மின் சிகரெட்) கிடைத்தது. அவன் அப்பா பெல்ட்டால் அடித்துவிட்டார். போனைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் பையன்களோடு இனிப் பார்த்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பையன் என்னோடும் பேசுவதில்லை. சேரக் கூடாதவர்களோடு சேர்ந்துதான் கெட்டான் என்கிறார் என் கணவர். அது சரிதானா?
– ஒரு அம்மா, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2000களின் நடுவில் நம் சாட்ஸ்வொர்த்துக்குள் சுகர்ஸ் என்ற போதைப்பொருள் வந்தபோது எத்தனை வீடுகள் உடைந்தன என்று பார்த்தவள் நான். ஹெராயினோடு கண்டதையும் கலந்து, பள்ளிப் பிள்ளை வாங்கும் விலைக்கு விற்றார்கள். அதைப் பார்த்த பெற்றோருக்குப் பிள்ளையின் பையில் எது கிடைத்தாலும் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் வேப் வைத்திருந்த பையனை சுகர்ஸ் பையனைப் போல நடத்தினால், அவன் மனதில் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்துவிடும். அதுதான் எனக்குக் கவலை. வேப்பைச் சும்மா விடச் சொல்லவில்லை. நிக்கோடின் இந்த வயது மூளையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். காலையில் எழுந்ததும் அதைத் தேடுகிறானா என்று கவனியுங்கள். தேடினால் திட்டிப் பயனில்லை, கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைக் கண்டிக்கத்தான் அடித்தேன் என்று பெற்றோர் சொல்லித் தப்பிக்க இருந்த சட்ட வழியை, நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே மூடிவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடி வாங்கிய பையன் வேப்பை விடுவதில்லை, அடுத்த முறை எங்கே ஒளிப்பது என்றுதான் யோசிப்பான். அடித்தது தப்பு என்று அவன் அப்பாவே அவனிடம் சொல்ல வேண்டும். நீங்கள் நடுவில் நின்று தூது சொன்னால் அது அவனுக்குப் போய்ச் சேராது.

இப்போது உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வது பாதிதான் சரி. டெனிஸ் கேண்டல் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களுடைய கூட்டாளிகளையும் ஒரு கல்வியாண்டு முழுக்கக் கவனித்து 1978இல் எழுதினார். கூட்டாளிகள் ஒரே மாதிரி இருப்பதற்குப் பழகிப் பழகி ஒருவரைப் போல ஒருவர் ஆவது ஒரு காரணம். தன்னைப் போன்றவனைத் தேடிப் போய்ச் சேர்வது இன்னொரு காரணம். இரண்டுக்கும் ஏறக்குறைய சம பங்கு என்று கண்டார். அதனால் "அவர்கள் இவனை என்ன செய்தார்கள்?" என்று மட்டும் கேட்டால் போதாது. இவன் ஏன் அங்கே போனான்? கிரேட் 10இல் பாடம் பிரியும் இல்லையா? மேத்ஸ் எடுத்தவர்கள் ஒரு பக்கம், மேத்ஸ் லிட்டரசி என்ற அன்றாடக் கணக்குப் பாடம் எடுத்தவர்கள் ஒரு பக்கம். கிரேட் 8இலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் அப்போதுதான் பிரிந்துபோகிறார்கள். நான் பள்ளியில் லைஃப் ஓரியண்டேஷன் (வாழ்க்கை வழிகாட்டல்) வகுப்பு எடுத்த காலத்தில், முதல் டெர்மிலேயே அடையாளம் தெரியாமல் மாறிப்போகும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித் தனியாக விடப்பட்டவர்கள். உங்கள் மகன் கிரிக்கெட்டை எப்போது விட்டான், ஏன் விட்டான் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அது இல்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.

"வீட்டில் நல்ல பிள்ளை, வெளியே எப்படி இப்படி?" என்று எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது, தனியாக ஆடியதைவிட மிக அதிகமாக ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆள் இருப்பதும் இல்லாததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, வீட்டில் இருப்பவனும் கடை வாசலில் நிற்பவனும் ஒரே பையன்தான், அவன் உங்களை ஏமாற்றவில்லை. சேர்ந்தவர்கள் சொன்னாலும் மாட்டேன் என்று நிற்கும் பலம் 14 வயதிலிருந்து 18க்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்றும் ஸ்டைன்பர்க் பிறகு காட்டியிருக்கிறார். அந்த பலம் வரும்வரை அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

அதற்கு அவன் உங்களோடு பேச வேண்டும். வேப்பைவிட அவன் பேச்சு நின்றதுதான் எனக்குப் பெரிய விஷயம். சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்து ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிள்ளை எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்று பெற்றோருக்குத் தெரிவது பெரும்பாலும் பிள்ளை தானாகச் சொல்வதால்தானாம். குடைந்து கேட்பதாலும் கட்டுப்பாடு போடுவதாலும் தெரிவது கொஞ்சம்தான். போனைத் திருப்பிக் கொடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு எல்லார் போனும், அப்பாவுடையதும் சேர்த்து, சமையலறை மேசையில் இருக்கட்டும். முகத்துக்கு நேரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். காரில் போகும்போது, பாத்திரம் துடைக்கும்போது, இந்த வயதுப் பையன்கள் தாமாக வாய் திறப்பார்கள்.

அந்த நான்கு பேரையும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி) வாங்கிப் போடுங்கள். பெயர் கேளுங்கள், எந்த யூனிட் (குடியிருப்புப் பகுதி), அம்மா யார் என்று கேளுங்கள். நான்கு பேரையும் ஒன்றாகப் பார்ப்பதை நிறுத்தினால், அவர்களில் ஒருவனுடைய அம்மாவும் உங்களைப் போலவே தூங்காமல் இருப்பது தெரியவரும். அந்த அம்மாவின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அவர்களில் யாராவது விற்கிறவன் என்று தெரிந்தால் கதை வேறு. அப்போது அவனோடு போகக் கூடாது என்று நேராகச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். உங்களுக்கு வழி தெரியாவிட்டால் பிள்ளைகளுக்கு உதவும் சைல்ட்லைனுக்கு 116இல் கூப்பிடுங்கள், காசு கிடையாது. பையனும் தானே கூப்பிடலாம்.

கேள்வி: பேத்திக்கு 14 வயது. போன வருடம் புரட்டாசியில் எனக்கு முன்னால் எழுந்து விளக்கு ஏற்றியவள். இந்த வருடம் கதவைச் சாத்திக்கொண்டு போனும் கையுமாக இருக்கிறாள். கூட்டாளிகள் எல்லாம் சிக்கன் சாப்பிடும்போது நான் மட்டும் ஏன் சாப்பிடக் கூடாது என்கிறாள். மருமகளோ, "விடுங்கள் மாமி" என்கிறாள். விட்டுவிடலாமா?
– ஒரு ஆயா, டோங்காட்

பதில்: அம்மா, அவள் ஒளித்துச் சாப்பிடாமல் உங்களிடம் வந்து கேட்டிருக்கிறாளே! அந்த நம்பிக்கை எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு உண்மையான பதில் கொடுங்கள். "நம் வழக்கம்" என்று முடித்துவிடாதீர்கள். உங்கள் அம்மா எப்படி விரதம் இருந்தார், நீங்கள் ஏன் விடாமல் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் அவள் முடிவெடுக்கட்டும். சனிக்கிழமை மட்டும் இருக்கிறேன் என்றால் அதையும் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். காலையில் எழாததைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகும், இரவு தூக்கம் பிந்தித்தான் வரும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம் இந்திய ஆட்களை எழுப்பிச் சின்னச் சின்ன வீடுகளில் போட்டபோது, ஒரே வளவில் இருந்த பெரியம்மா, சித்தப்பா, மாமா எல்லாம் சிதறிப்போனார்கள். அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பெரியவர் பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருந்த காலம் அது. உங்கள் பேத்திக்கு அப்படி ஒருவர் ஒரே வீட்டில் இருக்கிறார். விரதத்தை வைத்து அவளோடு சண்டை போட்டு அந்த இடத்தை இழந்துவிடாதீர்கள். சாப்பாடு குறைந்தாலோ, கூட்டாளிகளையும் ஒதுக்கினாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் முகம் வாடியே இருந்தாலோ மட்டும் தாமதிக்காமல் மருமகளிடம் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் தூங்கிய பிறகு அம்மா என் வாட்ஸ்அப்பைப் படிக்கிறார். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. எப்படிக் கேட்பது?
– 16 வயது வாசகி, லெனேசியா

பதில்: கண்ணு, பகலில், அம்மா வேலையில்லாமல் இருக்கும்போது, கோபம் இல்லாமல் கேள். "என்ன பயம் என்று சொல்லுங்கள், நானே பதில் சொல்கிறேன்" என்று தொடங்கு. யாரோடு போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய், யார் கூட்டி வருவார்கள், இந்த மூன்றையும் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. ஒரு மாதம் அப்படிச் செய்துவிட்டு, போனைப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று கேள். அப்போதும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மேலே முதல் பதிலில் சுவீடன் ஆய்வு வரும் பத்தியை அம்மாவிடம் காட்டு. அவருக்குக் கேள்வி இருந்தால் எனக்கே எழுதச் சொல்.