அப்பம்மாவின் தென்னையும் அடுத்த வளவின் குற்றியும்

கேள்வி: தெஹிவளையில் எங்கள் வளவில் அப்பம்மா நட்ட நெட்டைத் தென்னை நிற்கிறது. அதன் காயிலிருந்து இரண்டு தரம் தென்னம்பிள்ளை வைத்தேன். இரண்டிலும் ஓலைகள் கத்தரித்ததுபோல் முக்கோணமாக வெட்டுப்பட்டு, பிறகு குருத்துச் செத்துவிட்டது. உப்புப் போட்டால் சரிவரும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: முக்கோண வெட்டென்றால் கருவண்டுதான், காண்டாமிருக வண்டு என்பதும் அதைத்தான். அது விரியாத குருத்தைத் துளைக்கும். ஓலை விரிந்த பிறகே வெட்டு நம் கண்ணில் படும். அதற்குள் வண்டு வேறு மரத்துக்குப் போயிருக்கும்.

உப்பு இதற்கு மருந்தல்ல. தென்னைக்குக் குளோரின் வேண்டும் என்பதால் கடலுக்குத் தூரமான மண்ணில் உப்புப் போடுவதில் அர்த்தம் உண்டு. தெஹிவளையில் கடற்காற்றே அதைக் கொண்டுவந்து தருகிறது. பழைய ஆட்கள் குருத்தைச் சுற்றிய மட்டை இடுக்குகளில் மணலும் சாம்பலும் போடுவார்களே, அதைச் செய்யுங்கள். மணலோடு வேப்பம் புண்ணாக்குக் கலந்தால் இன்னும் நல்லது. மழை கழுவிவிடும், ஆகவே திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

ஆனால் வண்டு பெருகுவது உங்கள் பிள்ளையில் அல்ல. உக்கிய தென்னங்குற்றியிலும் எருக்குவியலிலும். வீடு கட்டத் தறித்த மரத்தின் அடிக்கட்டை யாரோ ஒருவரின் மதிலோரம் வருடக்கணக்காகக் கிடக்கும். உடைத்துப் பாருங்கள்: விரல் மொத்தத்தில், சுருண்ட வெள்ளைப் புழு, செம்பழுப்புத் தலை. வண்டுக்கு மதில் ஏது? ஒழுங்கையில் எல்லா வீட்டாரும் ஒரு ஞாயிறு சேர்ந்து குற்றிகளைப் பிளந்து அகற்றாவிட்டால், நீங்கள் மட்டும் மணல் போட்டுக் களைப்பீர்கள். புழுக்களைக் கோழி வளர்ப்பவரிடம் கொடுங்கள், சந்தோசப்படுவார்.

அடுத்த பிள்ளைக்கு ஒரு காயை நம்ப வேண்டாம். நெட்டைத் தென்னையில் அயல் மகரந்தச் சேர்க்கையே அதிகம், தாயைப்போலவே காய்க்கும் என்பதில்லை. முற்றிய பத்துக் காயைப் படுக்கையாகப் பதித்து, முந்தி முளைத்துத் தண்டு தடித்ததை எடுங்கள். பிந்தியவற்றை உடைத்துப் உள்ளே திரண்டிருக்கும் பூரானை (தேங்காய்ப்பூவை) சிறுவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

மூன்றடிக் குழி வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே தெரிய இரண்டு அடுக்காக வையுங்கள். ஈரத்தைப் பிடித்துவைக்கும், பொட்டாசியமும் தரும். 1929இல் தொடங்கிய லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசிலும் இந்தப் பழைய முறை உண்டு. அன்றைக்கே மண் மூடுங்கள். திறந்து கிடந்தால் தண்ணீர் தேங்கி நுளம்பு வரும், பின்னால் பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார். மே மாத மழையோடு நடுங்கள்.

காய் போதாமல் கன்று வாங்குவதானால் மாத்தறைப் பக்கமிருந்து கொண்டுவர வேண்டாம். அந்தப் பக்கத்தில் 2006இல் கண்டறிந்த வெலிகம வாடல் நோய் பரவாதிருக்க அங்கிருந்து தென்னங்கன்று வெளியே எடுப்பது தடை.