ஜன்னலை மாற்றும் முன் சர்டிபிகேட்டை ஒரு தடவை படியுங்கள்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்களுக்கு ஒரு பழைய வரிசை வீடு இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் கட்டியது. பின்பக்கச் சமையலறையை மட்டும் 2011இல் நாங்கள் நீட்டிக் கட்டினோம். இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறோம். வீட்டின் எரிசக்தித் திறனுக்கு ஏ முதல் ஜி வரை தரம் போடும் இபிசி சர்டிபிகேட்டில் 63 மதிப்பெண், டி தரம். வாடகை வீடெல்லாம் சி ஆக வேண்டும் என்கிறார்களே என்று விசாரித்தால், ஜன்னல் கம்பெனிக்காரர் 90களில் போட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களை மாற்ற 9,000 பவுண்ட் கேட்கிறார். மச்சான், வெளியே இருக்கும் சூட்டைக் கரண்டில் உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் போடச் சொல்கிறார். எதைச் செய்தால் சி வரும்?

பதில்: முதலில் மூச்சு விடுங்கள். இங்கிலாந்தில் வாடகைக்கு விட இன்றைக்கு இ தரம் போதும். 2018 ஏப்ரலில் புதுக் குடித்தனங்களுக்கும், 2020 ஏப்ரலில் எல்லாக் குடித்தனங்களுக்கும் வந்த விதி அது. சி பற்றிய பேச்சு 2030ஐ வைத்து நடப்பது. ஆகவே இந்த மாதமே 9,000 பவுண்டைக் கொட்ட வேண்டியதில்லை.

சி தரம் 69இல் தொடங்குகிறது. உங்களுக்கு வேண்டியது 6 புள்ளி. அந்த 6 எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க அரசின் இணையப் பதிவேட்டில் உங்கள் போஸ்ட்கோடைத் தட்டி சர்டிபிகேட்டை எடுங்கள். இலவசம்தான். (அண்டை வீட்டுக்காரர் எத்தனை மதிப்பெண் என்பதும் அதே பக்கத்தில் தெரியும். பார்க்காமல் இருக்க முடியாது, பாருங்கள்.) சுவர், கூரை, தரை, ஜன்னல் என்று வரிசையாக இருக்கும். அதில் 'அனுமானம்' (assumed) என்று எங்கெல்லாம் போட்டிருக்கிறது என்று தேடுங்கள். கண்ணால் பார்க்க முடியாததையும் காகிதம் கிடைக்காததையும் மதிப்பீட்டாளர் வீட்டின் வயதை வைத்து அனுமானிப்பார். பழைய வீடு என்றால் அனுமானம் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும்.

என் சந்தேகம் உங்கள் சமையலறை மேல்தான். மதிப்பீட்டாளர் வந்த அன்றைக்குக் கதவைத் திறந்தது குடியிருப்பவராக இருந்திருப்பார். "இது எப்போது கட்டியது?" என்று கேட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? 2011இல் கட்டியது 1970களில் கட்டியதாகப் பதிவாகியிருந்தால் அதன் சுவரிலும் கூரையிலும் சூடு வெளியேறாமல் தடுக்க வைத்த காப்பு கணக்கில் வந்தே இருக்காது. கவுன்சிலில் கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோல் பிரிவு கொடுத்த முடிவுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். அதுதான் உங்களுக்குப் பைசா செலவில்லாத மேம்பாடு.

லாஃப்ட், அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் பரணும் இப்படித்தான். எங்கள் வீட்டுக்கு மதிப்பீட்டாளர் வந்த அன்று லாஃப்ட் மூடிக்கு நேர் கீழே ஒரு அலமாரி, அதன் தலையில் இரண்டு சூட்கேஸ். மனிதர் அண்ணாந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். மேலே கனமாகக் காப்புப் பஞ்சு விரித்திருந்தும் மதிப்பெண்ணில் அது இல்லை. அடுத்த முறை மூடியைத் திறந்து ஏணியும் வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டோம்.

சரி, இனி செலவுக்கு வருவோம். இந்த மதிப்பெண் உங்கள் கேஸ் பில்லைப் பார்ப்பதில்லை. அந்த அளவு வீட்டைச் சூடாக்க, தண்ணீர் காய்ச்ச, விளக்கு எரிக்க வழக்கமாக எவ்வளவு பணம் ஆகும் என்று கணக்குப் போடுகிறது. கார்பனுக்குத் தனியாக ஒரு மதிப்பு உண்டு, ஆனால் எல்லோரும் பேசும் அந்த எழுத்து பணக்கணக்குதான். அதனால்தான் மச்சானின் யோசனை இங்கே சிக்குகிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு ஹீட் பம்ப் ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு தரும், உண்மைதான். ஆனால் கரண்ட் யூனிட் விலையோ கேஸைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. நல்ல கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு அதைப் போட்டால் புள்ளி பெரிதாக ஏறாது. பாய்லர் ஆயுள் முடியும்போது 7,500 பவுண்ட் அரசு மானியத்தோடு யோசிக்கலாம். மச்சான் சொன்னது தப்பில்லை, நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

ஜன்னல் அதைவிட மோசம். ஒற்றைக் கண்ணாடியிலிருந்து இரட்டைக்குப் போனாலாவது நாலைந்து புள்ளி பேசலாம். பழைய இரட்டையிலிருந்து புது இரட்டைக்குப் போனால் ஒன்றோ இரண்டோதான். இதில் இன்னொன்று: காப்புப் பொருள், சோலார், ஹீட் பம்ப் பொருத்துவதற்கு 2027 மார்ச் வரை வாட் (மதிப்புக்கூட்டு வரி) கிடையாது. ஜன்னலுக்கு 20 சதவீதம் உண்டு. கண்ணாடிகளுக்கு நடுவே பனி படிந்திருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். ஜன்னலின் சட்டம் நன்றாக இருக்கும்போது முழு ஜன்னலையும் பிடுங்குவானேன்?

நான் செய்தால் இந்த வரிசையில் செய்வேன். எல்லா பல்பையும் எல்இடி ஆக்குவேன். ரேடியேட்டர்களில் திருகும் தெர்மோஸ்டாட் வால்வு இல்லாவிட்டால் போடுவேன். தண்ணீர்த் தொட்டி இருந்தால் சூடு போகாமல் இருக்க 80 மி.மீ. தடிமனில் கோட்டு மாதிரி ஒரு உறை மாட்டுவேன். பயன்படாத கணப்பு திறந்து கிடந்தால் முறையாக அடைப்பேன். ஒவ்வொன்றும் ஓரிரு புள்ளிதான், ஆனால் நமக்கு வேண்டியதே ஆறுதானே.

அப்புறம் லாஃப்ட். இலக்கு 270 மி.மீ. உத்தரங்களுக்கு நடுவே முதல் 100, மீதி அதன் குறுக்கே. மேலே பலகை அடித்து, ஊருக்குப் போகும் பெட்டிகளையெல்லாம் ஏற்றினால் பஞ்சு அமுங்கிவிடும், அமுங்கிய பஞ்சு சூட்டைப் பிடிக்காது. பலகை வேண்டுமென்றால் உத்தரத்தின் மேல் கால் வைத்து உயர்த்திப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே 200 இருந்தால் அதற்கு மேல் போடுவதில் மதிப்பெண் அசையாது. வேலை முடிந்ததும் பஞ்சில் ஒரு அளவுகோலைச் செருகி, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னறை மரத்தரை என்றால் அடியில் காப்பு போடலாம், இரண்டு மூன்று புள்ளி வரும். வெளிச்சுவரின் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்க விடாதீர்கள், மரம் உளுத்துவிடும்.

பெரிய புள்ளி சுவரில்தான் இருக்கிறது, அதைத் தொடத்தான் எனக்குப் பயம். தெருவில் நின்று செங்கலைப் பாருங்கள். நீளப் பக்கமும் தலைப் பக்கமும் மாறி மாறி வந்தால் கெட்டிச் சுவர். எல்லாமே நீளப் பக்கமாகத் தெரிந்தால் பெரும்பாலும் நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், அதில் பஞ்சு நிரப்புவது சுலபம். ஈஸ்ட் ஹாமில் அந்த வயது வீடு என்றால் அநேகமாகக் கெட்டிச் சுவர்தான். அதற்கு வெளியே காப்பு ஒட்டும் வேலை எப்படி நடக்கிறது என்று 2025 அக்டோபரில் தேசிய தணிக்கை அலுவலகம் சொன்னது: அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவர்க் காப்பு போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் பெரிய குறை, அதாவது 22,000 முதல் 23,000 வீடுகள். சரியாக மூடாத ஓரத்தில் மழை இறங்கினால் உள்ளே பூஞ்சணம்தான். ஆறு புள்ளிக்காக அந்த வம்பு வேண்டாம்.

மேலே சொன்னதெல்லாம் போதவில்லை, கூரை தெற்கே பார்த்திருக்கிறது என்றால் சோலார். ஒரே வேலையில் பத்துப் புள்ளிக்குப் பக்கம் தூக்கக்கூடியது அது. சோலார் பொருத்துபவர்களுக்கான எம்சிஎஸ் தரச் சான்று உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள், மிச்சக் கரண்டை விற்கப் பெரும்பாலும் அந்தச் சான்று தேவைப்படும்.

கடைசியாக, எதற்கும் கையெழுத்துப் போடும் முன் ஒரு மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டு, பதிவு செய்யாமல் வெறும் கணக்கு மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2025 ஜூனில் கணக்கிடும் முறையே மாறியிருக்கிறது. உங்கள் பழைய 63 புது முறையில் 65 ஆகவும் வரலாம், 60 ஆகவும் வரலாம். அது தெரியாமல் ஆறு புள்ளி என்று நான் பேசுவதே ஒரு அனுமானம்தான்.

கேள்வி: அப்பா அம்மா இருவருக்கும் 70 தாண்டிவிட்டது. லாஃப்டில் ஃபோம் (நுரைக் காப்பு) அடித்தால் ரேட்டிங் ஏறும், பில் பாதியாகும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து பேசி, முன்பணம் வாங்கிப் போய்விட்டார். நான்கு நாள் ஆகிறது. நல்லதா?

பதில்: நிறுத்துங்கள். கூரை மரத்தில் நேராக அடிக்கும் ஃபோமைப் பார்த்தால் பல வங்கிகள் அந்த வீட்டுக்கு மார்ட்கேஜ் தருவதில்லை. உள்ளே மரம் ஈரத்தில் இற்றுப்போகிறதா என்று சர்வேயர் பார்க்க முடியாது என்பது காரணம். பிறகு அதைச் சுரண்டி எடுக்க, அடித்ததைவிட அதிகம் செலவாகலாம். வீட்டுக்கு வந்து போட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். போனில் சொல்லாதீர்கள், இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பி நகலை வையுங்கள். ரத்துக் காலம் முடிவதற்குள் வேலையைத் தொடங்க வந்தால் கதவைத் திறக்க வேண்டாம். முன்பணம் கிரெடிட் கார்டில் கொடுத்திருந்து, வேலையின் மொத்த விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000க்குள் என்றால் வங்கியிடமும் கேட்கலாம்.

கேள்வி: புது ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஏ தரத்தில் வாங்கினால் வீட்டின் மதிப்பெண் கூடுமா?

பதில்: கூடாது. நீங்கள் வீடு மாறும்போது லாரியில் ஏறிப் போகிற எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.