.308 துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு, நாலு தடவை மறுபடி நிரப்பியதுமே அடியில் விரிசல் விடுகிறது, அதற்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையமும் தெரிகிறது, பித்தளை மட்டமா?

பித்தளையைக் குறை சொல்ல வேண்டாம். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது என்கிறீர்களே, அது சைசிங் டையை (சுட்டு விரிந்த கூட்டை மறுபடி அளவுக்கு அமுக்கும் அச்சு) அளவுக்கு மீறி இறக்கியதன் அடையாளம்.

சுடும்போது கூட்டின் சுவர் விரிந்து சேம்பரை (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) கவ்விக்கொள்ளும். கெட்டியான அடிப்பாகம் மட்டும் சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைத் தொடும்வரை பின்னால் போகும். முந்தைய தடவை தோளை (கழுத்துக்குக் கீழே கூடு சரிந்து குறுகும் இடம்) ரொம்ப அமுக்கியிருந்தால் அத்தனை தூரமும் பித்தளை இழுபட வேண்டும். அடி முடிந்து மெல்லிய சுவர் தொடங்குகிற இடம்தான் இழுபட்டுத் தேயும்.

கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் டை முட்டியபின் இன்னும் கால் சுற்று இறக்கு என்று டையோடு வரும் காகிதத்தில் இருக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். சுட்ட கூட்டின் பிரைமரை (அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி) கழற்றிவிட்டு, காலிப்பரில் தோளை அளக்க உதவும் கம்பரேட்டர் மாட்டி அடியிலிருந்து தோள்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் என்றால் அதைவிட 0.05 மி.மீ. குறைந்தால் போதும், தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி ஆட்டோவுக்கு 0.1 மி.மீ. வரை விடலாம்.

இப்போது கையிலிருக்கும் கூடுகளைச் சோதிக்க ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் மடக்கி, உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் நுனி தடுக்கினால் அந்தக் கூடு குப்பைக்கு.

மற்றபடி, கழுவியபின் சைஸ் செய்யுங்கள்; மண் ஒட்டியிருந்தால் டையில் கீறல் விழும். அம்மோனியா கலந்த பாலிஷ் ஆகவே ஆகாது, பித்தளை வெடிப்பு விடும். (பளபளப்பு கண்ணுக்குத்தான், குறிக்கு அல்ல.) லூப் (சைஸ் செய்யுமுன் கூட்டில் தடவும் மசகு) குறைந்தால் கூடு டைக்குள் சிக்கும், கூடினால் தோளில் குழி விழும்.

சைஸ் செய்தால் கூடு நீளும், அதனால் நீளத்தை அதற்கப்புறம்தான் அளக்க வேண்டும். .308க்கு உச்சவரம்பு 51.18 மி.மீ.; தாண்டினால் 50.93க்கு வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுங்கள். நீண்ட கழுத்து சேம்பர் முனையில் நெரிபட்டால் குண்டு விடுபடாமல் அழுத்தம் எகிறும்.

ராணுவக் கூடானால் பிரைமர் குழியின் விளிம்பு அமுக்கப்பட்டிருக்கும். அதை நீக்காமல் புது பிரைமர் ஏறாது. நேர்மாறாக, பிரைமர் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், சுவர் நன்றாக இருந்தாலும் அந்தக் கூட்டைக் கழித்துவிடுங்கள்.