மெக்கானிக்கும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. விதவிதமான இன்ஜின்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தேடித் தேடிப் படிப்பதில் என்ன பலன்?

கேட்டவர் கல்லூரியில் வேறு ஏதோ படிப்பவர் என்று நினைக்கிறேன். ராத்திரி வெகுநேரம் வரை இன்ஜின் வீடியோ பார்த்திருப்பீர்கள், வீட்டில் யாராவது "இதுவா சோறு போடப் போகுது?" என்று கேட்டிருப்பார்கள். எனக்கும் அது கிடைத்தது. கூடவே "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பதும். நான் பி.காம். படித்தவள், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். கிணற்று மேட்டில் ஒரு ஆயில் இன்ஜின் இருந்தது. இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனி செய்த ஆறு குதிரைசக்தி டீசல் இன்ஜினைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்தது. நிமிடத்துக்கு 650 சுற்றுதான். அப்பா லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றுவார். அந்த லிவரால் வால்வு திறந்தே இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறாது, கைக்கு லேசாக இருக்கும். இரண்டு பக்கத்துச் சக்கரங்களும் வேகம் பிடித்ததும் லிவரை விடுவார். சக்கரத்தின் வேகமே சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை மேலே தள்ளும், காற்று அழுந்திச் சூடாகும், அதில் டீசல் பீய்ச்சும், பிடித்துக்கொள்ளும். பம்ப் இறைக்கும் தண்ணீரில் கொஞ்சம் ஒரு சின்னக் குழாய் வழியாக வந்து சிலிண்டரைச் சுற்றிவிட்டு வெதுவெதுப்பாக வாய்க்காலில் விழும். ரேடியேட்டர் கிடையாது, பேட்டரி கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது.

இவ்வளவு கனமான இரும்பு ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது என்று எனக்குத் தீராத சந்தேகம். சித்தப்பா மகன் வைத்திருந்த ஆர்எக்ஸ் 100 பைக்கில் கைக்கு அடக்கமான இன்ஜின், ஆனால் 11 குதிரைசக்தி. அந்தச் சக்தி 7500 சுற்றில்தான் முழுதாக வரும். பிறகு புரிந்தது. ஆள் அரவமில்லாத காட்டில் நாள் முழுக்க ஓட வேண்டிய இன்ஜினுக்கு வேகம் குறைவாக இருந்தால் தேய்மானம் குறைவு. ரோட்டில் பறக்க வேண்டியதற்குக் கனம் ஆகாது. ஒவ்வொரு இன்ஜினும் யாரோ ஒருவருடைய கஷ்டத்துக்கு இன்னொருவர் யோசித்துச் சொன்ன பதில். அதைப் பிரித்துப் படிப்பது எனக்கு மனிதர்களைப் படிப்பது மாதிரிதான்.

முதல் உலகப் போர் விமானங்களில் இருந்த ரோட்டரி இன்ஜினைப் பாருங்கள். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டை விமானத்தோடு அசையாமல் இறுக்கிவிட்டு, சிலிண்டர்களை மொத்தமாக முன்னால் இருக்கும் ப்ரொப்பல்லரோடு சுற்றவிட்டார்கள். கேட்டால் பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். ஆனால் தானே சுற்றுவதால் தானே காற்று வாங்கிக் குளிரும், சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான ஃப்ளைவீல் சக்கரம் தனியாக வேண்டாம், கனம் குறையும். உள்ளே ஊற்றியது ஆமணக்கு எண்ணெய், எங்கள் பக்கம் வரப்போரம் நிற்கும் அதே கொட்டமுத்தின் எண்ணெய். அது பெட்ரோலோடு எளிதில் கலந்து நீர்த்துப்போகாது என்பதுதான் காரணம். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்தின் நேப்பியர் கம்பெனி செய்த டெல்டிக் டீசல் இன்ஜின் இன்னொன்று. முக்கோண வடிவம், மூன்று முனையிலும் ஒவ்வொரு கிராங்க் ஷாஃப்ட், 18 சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன். மூன்றும் ஒரே திசையில் சுற்றினால் பிஸ்டன்களின் கணக்கு ஒத்துவராது. ஒன்றை மட்டும் எதிர்த்திசையில் சுற்றவிடுங்கள் என்று வழி சொன்னவர் ஹெர்பர்ட் பென்வார்டன், பிரிட்டிஷ் கடற்படைத் துறையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். போர்ப் படகுகளுக்கென்று செய்த அந்த இன்ஜின் பிறகு லண்டன் – எடின்பரோ ரயிலையும் இழுத்தது.

பலன் என்றுதானே கேட்டீர்கள்? சரி, அதையும் சொல்கிறேன். ஒரு பெங்களூரா மாங்காய் சீசனில், லோடு வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிறது, மெஷின்களை ஓடவிட்டு லோடு ஏற்றினதும் வேகம் ஏறி இறங்கித் திணறி நின்றுவிடுகிறது. சர்வீஸ் ஆள் ஓசூரிலிருந்து வர வேண்டும். ஃபில்டரை மாற்றிப் பார்த்தார்கள், டீசல் டேங்கைப் பார்த்தார்கள். லைனில் எங்கேயும் சொட்டவில்லை, அதனால் லைன் நன்றாக இருக்கிறது என்று எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் உறுதியாகச் சொன்னார். நான் போய், "அண்ணா, டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப் வரைக்கும் அது உறிஞ்சுகிற பக்கம். அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்" என்றேன். லோடு ஏறும்போது டீசல் அதிகம் தேவைப்படும், உறிஞ்சலும் கூடும், காற்றும் கூடவே போகும். காற்று அழுந்திக்கொடுக்கும், டீசல் கொடுக்காது. குழாயில் காற்று இருந்தால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்கிற அழுத்தம் வராது. அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஃபில்டர் மேலே காற்றை வெளியேற்ற இருக்கும் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்தார். நுரையாக வந்தது, அடிக்க அடிக்க நுரைதான். ஃபீட் பம்புக்குள் நுழைகிற இடத்தில் காப்பர் வாஷர் வெடித்திருந்தது. அதை மாற்றியதும் அன்று ராத்திரி முழுக்க ஓடியது. அந்த அண்ணன் இப்போதும் ஜெனரேட்டரில் ஏதாவது சத்தம் மாறினால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

ஆனால் அந்த நாள் வராமலே போயிருந்தாலும் நான் படித்தது வீண் ஆகியிருக்காது. நான் ஜெனரேட்டருக்காகப் படிக்கவில்லை.

மெக்கானிக்கல் படித்தவர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் கணக்கும் டிசைனும் எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவே இல்லை. வீடியோ பார்த்துவிட்டு யாரும் மெக்கானிக் ஆகிவிட முடியாது, அதுவும் தெரியும். பட்டறையில் கை கறுத்தவர்களுக்கு இருக்கிற அறிவு வேறு. ரசிக்கிறவர்களுக்கும் ஒரு இடம் உண்டு என்கிறேன், அவ்வளவுதான். பாட்டுப் பாடத் தெரியாதவர்கள் கச்சேரிக்குப் போவதை யாரும் கேள்வி கேட்பதில்லையே.

எங்கள் ஆயில் இன்ஜின் இப்போது இல்லை. கரண்ட் சர்வீஸ் வந்தபின் சும்மா கிடந்தது. அப்பா போன பிறகு சொந்தக்காரர்கள் அதைப் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்ஜினை விடுங்கள், நிலத்துக்கே கேட்கவில்லை. என் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க மட்டும் தேடி வந்தார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. இருந்தும் கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் காட்டி வாயை அடைக்கிறார்கள். நான் போடமாட்டேன் என்றதற்கு இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை. இதைப் படிக்கும் பெண்கள் யாராவது இருந்தால், வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி கேட்டவருக்கு: வீடியோவோடு நிறுத்தாதீர்கள். பக்கத்துப் பட்டறையில் ஆர்எக்ஸ் 100 மாதிரி பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியின் தேய்ந்த சிலிண்டரைக் கடைவதற்காகக் கழற்றும் நாளில், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றியதும், கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பிஸ்டன் இறங்கும்போது புகை போகிற துவாரம் முதலில் திறக்கும், கொஞ்சம் தள்ளி புதுக் கலவை வருகிற துவாரம் திறக்கும். வால்வே இல்லாமல் ஒரு பிஸ்டன் கதவு வேலையும் பார்ப்பது அங்கே கண்ணுக்குத் தெரியும். மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சைலன்சர் ஏன் நடுவில் பருத்து இருக்கிறது என்பதையும் அவரே சொல்லுவார்.